திக்கிய பாட்டு

அன்புச்செல்வன் விட்ட குத்தில் வேடியப்பனின் மூக்கு உடைந்தது. பெயரில் இருக்கும் அன்பைக் கைக்கு இறக்காத ஆட்கள் உலகத்தில் அதிகம். இரண்டாவது குத்து வருவதற்குள் வேடியப்பன் குனிந்துகொண்டான். அது டீக்கடையின் பின்சுவரில் போய் விழுந்தது. விரல் எலும்பு முறிந்த சத்தம் அடுப்படிவரை கேட்டது.

"செவுருங்க அது," என்றான் வேடியப்பன், வாயில் இறங்கிய ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. "என் மூஞ்சி இந்தப் பக்கம் கீது."

அன்புச்செல்வன் இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். அது வேடியப்பனின் வயிற்றை எட்ட ஒரு சாண் இருந்தபோது, வடைச் சட்டியில் கிடந்த ஜல்லிக்கரண்டியை யாரோ எடுத்து, எண்ணெய் சொட்டச் சொட்ட அவன் மணிக்கட்டின்மேல் அழுத்தி வைத்தார்கள். கச்சிராயபாளையம் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி அவன் அலறினான். கத்தி கீழே விழுந்தது. வேடியப்பன் அதை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டான்.

கரண்டியை வைத்தவள் இலக்கியா. போலீஸ் வயர்லெஸ் பிரிவில் பல வருடம் காதைக் கொடுத்து வேலை பார்த்தவள். ஒரு மேலதிகாரியை எல்லார் எதிரிலும் திருடன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள். இப்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். வேடியப்பன் அவளுடைய உதவியாள். அவளுக்கு வரவேண்டிய அடிகளையும் சேர்த்து வாங்கிக்கொள்வதுதான் தன் உத்தியோகம் என்று அவன் சொல்லிக்கொள்வான். அன்றைக்கு அதில் பொய்யில்லை.

"ராஜதுரை எங்க?" என்றாள் இலக்கியா.

அன்புச்செல்வன் வெந்த மணிக்கட்டை ஊதிக்கொண்டிருந்தான்.

ராஜதுரை வெள்ளிமலை ஜீப் டிரைவர். மணலூர்பேட்டையில் கரும்புத் தோட்டம் வைத்திருக்கும் தெய்வசிகாமணி, தன் நிலத்தைக் குத்தகைக்கு உழுத அய்யப்பன் என்பவனைத் தோட்டத்து வரப்பிலேயே துண்டு துண்டாக வெட்டியதை, புளி மூட்டை இறக்கப் போன இடத்தில் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான். மறுநாள் காலை கள்ளக்குறிச்சி கோர்ட்டில் அவன் சாட்சி. அவன் கூண்டில் ஏறினால் தெய்வசிகாமணி உள்ளே போவார். ஏறாவிட்டால் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். அந்த ராஜதுரையை முந்தாநாளிலிருந்து காணவில்லை. காணாமல் போவதற்குமுன் கடைசியாக அவனோடு பேசிக்கொண்டிருந்த வெளியாள் இந்த அன்புச்செல்வன்.

இலக்கியா கரண்டியை மறுபடி எண்ணெயில் போட்டாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு வாய் திறந்தது.

"சொன்னா மட்டும் இன்னா பண்ணப் போறீங்க? சாயங்காலம் மலையில அம்மனுக்கு வெடி வுடுவாங்க. அந்தச் சத்தத்துல நாட்டுத் துப்பாக்கி சத்தம் ஒண்ணும் சேந்துக்கும். உங்க சாட்சிக்காரன் கத முடிஞ்சிது."

"எங்கன்னு கேட்டேன்."

"சத்தியமா தெரியாது. புடிச்சுக் குடுத்ததோட என் வேல சரி."

இதற்குமேல் கேட்டு நேரத்தை வீணாக்க இலக்கியா தயாராக இல்லை. அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அது விரல்ரேகை கேட்டது.

"இந்தக் கை வீங்கிப்போச்சு. அந்தக் கையக் குடுங்க," என்று வேடியப்பன் மரியாதையாக அவன் இடது கைக் கட்டைவிரலைப் பிடித்து வைத்தான். போன் திறந்தது.

இரண்டு நாளாக அன்புச்செல்வன் பேசியதெல்லாம் ஒரே ஆளிடம். அந்த எண்ணுக்கு அவன் வைத்திருந்த பெயர் 'ரேடியோ'.

இலக்கியாவின் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. "இவனைத் தூணோட கட்டு. ஸ்டேஷனுக்குச் சொல்லு. நாம மேல போறோம்."

*

டீக்கடை வாசலில் மாயவனின் ஜீப் நின்றது. பின்சீட்டில் ராஜதுரையின் மனைவி மகேஸ்வரி; புருஷனைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி இலக்கியாவிடம் வந்தவள். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால் ஜீப் நிறையச் சுமை: இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ், நான்கு இரும்புக் குழாய், சுருட்டிய ஒயர், எல்லாவற்றின்மேலும் ஒரு தார்ப்பாய், அதன்மேல் கயிறு.

"எங்க ஊரு கோயிலுக்கு ரேடியோ செட்டுங்க," என்றான் மாயவன். ஒல்லியான ஆள். பேச்சில் பணிவு வழிந்தது. "ஆடி மாசம் மலையில ஜீப்புக்கும் ஓய்வு இல்ல, ஸ்பீக்கருக்கும் ஓய்வு இல்லீங்க. தங்கச்சி போன் பண்ணுச்சு, உங்கள ஏத்திக்கினு வரச் சொல்லிச்சு. ஓடியாந்தேன்."

"எங்க வூட்டுக்காரருக்குக் கூடப்பொறக்காத அண்ணன் இவரு," என்றாள் மகேஸ்வரி. "சோறு தண்ணி இல்லாம தேடிக்கினு இருக்காரு."

ஜீப் கிளம்பியது. மாயவன் பென்டிரைவைச் செருகி அம்மன் பாட்டைப் போட்டான். டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த ஸ்பீக்கர் காது கிழியக் கத்தியது.

"கொஞ்சம் கம்மி பண்ணுங்களேன்," என்றான் வேடியப்பன். "மூக்கு ஏற்கெனவே போச்சு. காதாவது மிஞ்சட்டும்."

"ஆடி மாசத்துல அம்மன் பாட்டக் கொறைக்கக் கூடாதுங்க."

இலக்கியா மகேஸ்வரியின் போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள். காலையில் ராஜதுரையின் பட்டன் போனிலிருந்து வந்த அழைப்பு அதில் பதிவாகியிருந்தது. அதன்பிறகு அந்தப் போன் அணைந்துவிட்டது. டவரை வைத்துத் தேடலாமா என்று கேட்டதற்கு, மலையில் பாதிக்கு ஒரே டவர், எங்கே என்று தேடுவது என்று போலீஸ் கையை விரித்துவிட்டது.

பதிவில் முதலில் அம்மன் பாட்டுதான் கேட்டது. பிறகு ராஜதுரையின் குரல். "மகேசு... என்னத் தேடாத. நானாத்தான் வந்துட்டேன். கோர்ட்டுக்கு வரலன்னு சொல்லிடு..." குரல் நின்றது. பின்னால் ஒருவன் ஏதோ சொன்னான். "அத மட்டும் சொல்லமாட்டேன்," என்றான் ராஜதுரை. அடுத்து ஒரு அடி. கட்டையால் ஈர மூட்டையை அடிப்பதுபோல ஒரு சத்தம். ஓர் அலறல். பாட்டின் சத்தம் ஏறியது. அலறல் அதற்குள் மூழ்கியது. இவ்வளவுக்கும் ஊடே, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, பாட்டைக் கிழித்துக்கொண்டு இன்னொரு சத்தம்:

டிட்டிடி, டிட்டிடி, டிட்டிடி, டர்ர்ர்.

இலக்கியா அதை மூன்றாம் தடவை கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். யோசனையை முடிக்கும்முன் வாயைத் திறக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. அந்தக் குறையை வேடியப்பன் நிரப்பினான்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் போலீஸ் தடுப்பு போட்டிருந்தார்கள். முன்னால் நின்ற ஜீப்பிலிருந்து மரவள்ளி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாயவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். ஒரு ஏட்டு வந்து எட்டிப் பார்த்து, இலக்கியாவைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"மேடம், நீங்களா! எவ்ளோ நாளாச்சு!"

"அவசரம் அண்ணே. நம்ம வண்டிதான்."

கட்டை மேலே ஏறியது. முன்னால் நின்ற ஜீப்காரன் பொறாமையோடு பார்த்தான். இலக்கியாவுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. வேலையை விட்டாலும் தன் மதிப்பு போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெருமையை நினைத்து அவள் தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டியிருந்தது.

*

வளைவுகள் ஏற ஏறப் போனெல்லாம் செத்துப்போயின. மலைக்காரர்களுக்கு இது புதிதில்லை. பாதி மலையில் 'டவர் பாறை' என்று ஒன்று உண்டு. சர்க்கார் பெயரில்லை, ஜனங்கள் வைத்த பெயர். அங்கே போனதும் செத்த போன்கள் எல்லாம் உயிர்பெறும். வெள்ளிமலை போகும் எந்த ஜீப்பும், பஸ்கூட, அங்கே நிற்காமல் போகாது. சம்பந்தம் பேசி முடிப்பதும் சண்டை பிடிப்பதும் அந்தப் பாறையில்தான் நடக்கும்.

மாயவனும் யாரும் சொல்லாமலே நிறுத்தினான். ஏற்றத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஜீப் நின்றது. அதன் வாலுக்குப் பின்னால் வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம். பள்ளத்துக்கு அடி எங்கே என்று தெரியவில்லை. பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது. மாயவன் இறங்கித் தன் டச் போனைத் தூக்கிப் பிடித்து யாரிடமோ பேசப் போனான்.

இலக்கியா மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு பாறைமேல் ஏறினாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கீழே காட்டுக்குள் ஒளிந்திருந்த சிற்றூர்களிலிருந்து அம்மன் பாட்டு வந்தது. கரியாலூர்ப் பக்கம் ஒன்று, எதிர்ச்சரிவில் ஒன்று, ஓடைக்கு அந்தண்டை ஒன்று. எந்த மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. காதுக்கு மட்டும் தெரிந்தது.

"இதுல ஒரு ஸ்பீக்கர் பக்கத்துலதான் ராஜதுரை இருக்கான்," என்றாள் இலக்கியா. "அலறல் வெளிய கேக்காம இருக்கப் பாட்டப் போட்டு வச்சிருக்கானுங்க. அன்பு போன்ல 'ரேடியோ'ன்னு இருக்கறவன் அந்தச் செட்டுக்காரன்."

"அது சரி. எந்த ஸ்பீக்கருன்னு எப்பிடிக் கண்டுபுடிக்கறது? ஊர் ஊராப் போயிக் கேட்டா, பொங்கல் குடுத்து உக்கார வச்சிடுவாங்க."

"அந்த டிட்டிடி சத்தம் இன்னா தெரியுமா?"

"எங்க வூட்டுப் பழைய ரேடியோ பக்கத்துல பட்டன் போன் வச்சா வரும். போன் அடிக்கறதுக்கு முன்னாடியே ரேடியோ சொல்லிடும். எங்கப்பா அத சாமி குத்தம்னுவாரு."

"பந்தியில சாம்பார் வாளி தூக்கிக்கினு ஒருத்தன் போவான் இல்ல? எட்டு எலைன்னு வச்சுக்க. ஒவ்வொரு எலைக்கும் ஒரு கரண்டி ஊத்திட்டு அடுத்த எலைக்குப் போய்க்கினே இருப்பான். எட்டும் முடிஞ்சா திரும்ப முதல் எலை. பழைய டவர் அப்பிடித்தான். ஒரே அலையில எட்டு பேரு பேசறான். நீ பேசறத போன் வெறும் எண்களா மாத்தி, துண்டு துண்டா நறுக்கி வச்சுக்கும். உன் மொற வரும்போது ஒரு துண்ட டவருக்கு வீசும். அப்பால வாய மூடிக்கும். திரும்பவும் மொற வந்தா தொறக்கும். அந்தண்ட இருக்கற போன் துண்டெல்லாம் ஒட்டித் திரும்பவும் குரலாக்கிடும். அவ்ளோ வேகத்துல நடக்கறதால நமக்குத் தெரியறதில்ல."

"ஸ்பீக்கருக்குத் தெரிஞ்சிடுதா?"

"போன் வாயத் தொறந்து தொறந்து மூடறது பக்கத்துல இருக்கற ஆம்ப்ளிஃபயர் ஒயர்ல எகிறும். அதான் டிட்டிடி. புதுப் போன்ல பந்தி வேற மாதிரி, இந்தச் சத்தம் வராது. பழைய பட்டன் போன்தான் இப்பிடிக் காட்டிக்குடுக்கும். சைலன்ட்ல போட்டாலும் ஸ்பீக்கர் சைலன்ட்ல இருக்காது."

வேடியப்பன் உடைந்த மூக்கை மறந்து வாயைப் பிளந்தான். "அப்பன்னா இப்ப நீங்க அந்த ரேடியோகாரனுக்குப் போன் அடிச்சா..."

"அதுவும் பட்டன் போனா இருந்தா, எந்த ஊர்ப் பாட்டு திக்குதோ, அந்த ஊரு."

மகேஸ்வரி இலக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிங்கம்மா. சீக்கிரம் அடிங்க."

இலக்கியா அன்புச்செல்வனின் போனை எடுத்து 'ரேடியோ'வை அழுத்தினாள். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு மலைக்குக் காதைக் கொடுத்தார்கள். கரியாலூர்ப் பாட்டு சுத்தமாக வந்தது. எதிர்ச்சரிவுப் பாட்டும், ஓடைக்கு அந்தண்டைப் பாட்டும் பிசிறில்லாமல் வந்தன.

டிட்டிடி, டிட்டிடி, டிட்டிடி.

சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்தது.

"யக்கா," என்று சிரித்தான் வேடியப்பன், "நம்ம ஜீப்பு அம்மனுக்கே வாய் திக்குது."

இலக்கியா சிரிக்கவில்லை. அழைப்பைத் துண்டித்தாள். ஜீப் பாட்டு தெளிந்தது. தன் கையில் இருக்கும் போனால் வந்த சத்தமோ என்று பாறையின் கோடிவரை நடந்துபோய் மறுபடி அழுத்தினாள். ஜீப் பாட்டு மறுபடி திக்கியது.

"மகேஸ்வரி. மாயவன்கிட்ட எத்தினி போன் இருக்குது?"

"ஒண்ணுதாங்க. அதோ, கையில வச்சுப் பேசிக்கினு இருக்காரே, அந்த டச் போன்தான்."

அவன் கையில் இருந்தது டச் போன். திக்கவைப்பது பட்டன் போன். அது ஜீப்புக்குள் எங்கேயோ சைலன்டில் கிடக்கிறது. இலக்கியாவுக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. மாயவன்மேல் அல்ல, தன்மேல். மலை முழுக்க இருக்கும் ஸ்பீக்கர்களைக் காதால் துழாவியவள், வழிநெடுகத் தன் முழங்காலுக்கு எதிரே கத்திக்கொண்டிருந்த ஸ்பீக்கரை எண்ணிக்கையில் சேர்க்கவே இல்லை. ஆடி மாதத்தில் ரேடியோ செட் ஏற்றிய ஜீப்பை யார் சந்தேகப்படுவார்கள்?

மாயவனும் பாட்டு திக்கியதைக் கேட்டான். ஜீப்புக்கு வந்து, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பட்டன் போனை எடுத்துப் பார்த்தான். திரையில் அன்புச்செல்வனின் பெயர் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்தான். பாறைமேல் நின்ற இலக்கியாவின் கையில் இருந்த போனைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது.

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான். ஓடவில்லை. ஜீப்புக்குள் கையை நீட்டி ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, கியரை எடுத்துவிட்டான். ஜீப் ஒரு தடவை குலுங்கியது. பிறகு மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கியது.

தப்பிக்க வேண்டியவன், தப்பிக்க வேண்டிய வண்டியையே ஏன் பள்ளத்தில் தள்ளுகிறான்? இலக்கியாவின் மூளை அந்த ஒரு கேள்வியில் நின்றது. காலையில் ராஜதுரையை அடித்த இடத்தில் பாட்டு. அந்தப் பாட்டு இந்த ஜீப்பின் பாட்டு.

"வேடி! ராஜதுரை ஜீப்புலதான் இருக்கான்! பாக்ஸ்ல பாரு!"

வேடியப்பன் பாறையிலிருந்து குதித்து ஓடினான். வழியில் கிடந்த கல்லைச் சக்கரத்துக்கு அடியில் உருட்டினான். ஜீப் அதன்மேல் ஏறி இறங்கி, இன்னும் வேகமாக உருண்டது. அவன் பின்பக்கம் தாவி ஏறி, இடுப்பிலிருந்த கத்தியால் கயிற்றை அறுத்தான். குழாய்களும் ஒயரும் சரிந்து ரோட்டில் விழுந்தன. முதல் பாக்ஸைத் தட்டினான், ஒன்றும் இல்லை. இரண்டாவதைத் தட்டினான். ஸ்பீக்கர் பாக்ஸ் கனமாகத்தான் இருக்கும். முனகாது. இது முனகியது.

"தூக்க முடியாது சாமி, மன்னிச்சுக்க!" என்று கத்திக்கொண்டே முதுகை முட்டுக்கொடுத்துக் காலால் உதைத்தான். பாக்ஸ் ரோட்டில் விழுந்து புரண்டது. பின்சக்கரம் விளிம்பைத் தாண்டியபோது வேடியப்பனும் அதன்மேலேயே விழுந்தான். ஜீப் ஒரு நொடி வானத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளத்தில் மறைந்தது. பாறையில் மோதுவதும் மரம் முறிவதும் கேட்டன. அம்மன் பாட்டு விடாமல் பாடிக்கொண்டே கீழே போனது. வெகு ஆழத்தில் அது நின்றது.

இந்தப் பக்கம் மாயவன், ஜீப் சீட்டுக்கு அடியிலிருந்து உருவிய மரம் வெட்டும் கொடுவாளோடு இலக்கியாவை நோக்கி வந்துகொண்டிருந்தான். முதல் வீச்சு அவளுடைய இடது முன்கையைப் பிளந்தது. ரத்தம் பீறிட்டது. அவள் அவன் முழங்காலில் எட்டி உதைத்தாள். அவன் தடுமாறினான், விழவில்லை. இரண்டாவது வீச்சுக்கு அவள் பின்வாங்கி, கால் இடறி மல்லாந்தாள். மாயவன் இரண்டு கையாலும் கொடுவாளைத் தலைக்குமேல் தூக்கினான்.

அப்போது நான்கடி நீள இரும்புக் குழாய் ஒன்று சுழன்று வந்து அவன் முகத்தில் விழுந்தது. பல் தெறித்தது. கொடுவாள் நழுவியது.

குழாயைப் பிடித்திருந்தவள் மகேஸ்வரி.

"அண்ணான்னு கூப்ட்டேனேடா!" மறுபடி அடித்தாள். தோளெலும்பு முறிந்தது. "என் வூட்டுச் சோத்தத் தின்னுட்டு, என் புருசன அடிச்சிப் பொட்டியில போட்டு, அது முன்னாடி என்னையே உக்கார வச்சு இட்டுக்கினு வந்தியேடா!" மூன்றாவது அடி விலாவில். நான்காவதுக்கு அவள் ஓங்கியபோது இலக்கியா ஒற்றைக் கையால் குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும். செத்தா பேசமாட்டான். இவன் பேசணும்."

மாயவன் ரோட்டில் சுருண்டு கிடந்தான். வாயிலிருந்து ரத்தத்தோடு வார்த்தையும் வந்தது. "நான் கொல்லலீங்க... தெய்வசிகாமணிதான்... வெடி வுடற நேரத்துல முடிச்சுப் பள்ளத்துல போட்டுடுன்னாரு... அந்த ஜீப்பே அவரு வாங்கிக் குடுத்ததுதாங்க..."

"அதுவும் பள்ளத்துல போயிடுச்சு," என்றான் வேடியப்பன். "நீங்க குடுத்த வாக்குல பாதி நெறவேறிடுச்சு."

பிறகு அவன் பாக்ஸின் முன்பக்கத்து வலையைக் கத்தியால் கிழித்தான்.

உள்ளே ஸ்பீக்கர் இல்லை. முழங்கால் மார்பில் முட்ட, கருப்பு டேப் சுற்றி, வாயில் துணி திணித்து, ஒரு மனிதனை மடித்து வைத்திருந்தார்கள். ஒரு கண் முழுதாக மூடிவிட்டது. வலது கை விரல்கள் தப்பான திசையில் வளைந்திருந்தன. சட்டையில் ரத்தம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. மகேஸ்வரி வாயிலிருந்த துணியைப் பிடுங்கினாள். இரண்டு பல்லும் அதோடு வந்தன.

அவன் மூச்சை இழுத்தான். உயிர் இருந்தது. வேடியப்பன் டேப்பை அறுத்து அவனை மெல்ல வெளியே இழுத்தான்.

"உன் மேலதான் சாஞ்சிக்கினு வந்தேன்," என்று அவள் கதறினாள். "மலை அடிவாரத்துலருந்து உன் மேலதான்யா சாஞ்சிக்கினு அழுதுகினு வந்தேன். எனக்குத் தெரியலயே!"

"கேட்டுச்சு மகேசு," என்றான் ராஜதுரை. உதடு கிழிந்திருந்ததால் சொல் குழறியது. "நீ அழுதது கேட்டுச்சு. காலால ஒதைச்சேன். பாட்டு வுடல."

இலக்கியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தடுப்பில் கட்டை ஏறியதும், 'நம்ம வண்டிதான்' என்று தான் சொன்னதும் நினைவுக்கு வந்தன. தன் வாயாலேயே அவனைப் போலீஸைத் தாண்டிக் கூட்டிவந்திருக்கிறாள். வெட்டுப்பட்ட கையைவிட அது அதிகமாக வலித்தது. வேடியப்பன் தன் துண்டைக் கிழித்து அவள் கையில் கட்டினான். அதைப்பற்றி அவனும் ஒன்றும் சொல்லவில்லை; அந்த அளவுக்கு அவன் நல்லவன்.

கரியாலூர்ப் பக்கம் முதல் வெடி வெடித்தது. பின்னாலேயே எதிர்ச்சரிவில். மலை முழுக்கச் சத்தம் எழும்பியது.

மாயவனின் சட்டைப்பை நடுங்கியது. வேடியப்பன் அந்தப் பட்டன் போனை உருவி எடுத்தான். திரையில் 'முதலாளி' என்று இருந்தது.

இலக்கியா விரலை உதட்டில் வைத்தாள். தன் போனில் பதிவை ஓடவிட்டாள். பிறகு பட்டன் போனில் பச்சைப் பட்டனை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு நடுவில் பிடித்தாள்.

"இன்னாடா மாயவா," என்றது கனத்த குரல். "வெடிச் சத்தம் எனக்கே கேக்குது. முடிச்சிட்டியா?"

"ம்," என்று உறுமினான் வேடியப்பன்.

"மூஞ்சி அடையாளம் தெரியாம பண்ணிடு. அய்யப்பன நானே நின்னு வெட்டினேன், ஒரு பயம் இல்ல. இந்த ஜீப்புக்காரன் விசயத்துலதான் தூக்கம் வரல. இன்னா, சத்தமே காணோம்? முடிஞ்சிதுன்னு வாயத் தொறந்து சொல்லுடா."

ராஜதுரை கையை நீட்டினான். நல்ல கை அது ஒன்றுதான். இலக்கியா ஒரு கணம் யோசித்தாள்; பிறகு போனை அவன் வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

"இன்னும் முடியலீங்க," என்றான் அவன். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினான். "ராஜதுரைதாங்க பேசறேன். காலைல கோர்ட்டுல பாக்கலாங்க."

எதிர்முனையில் பேச்சில்லை. போனை வைக்கவும் இல்லை. அந்த மௌனமும் பதிவாகிக்கொண்டிருந்தது. ராஜதுரை போனைத் தள்ளிவிட்டு, மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு, மடங்கிக் கிடந்த காலை மெல்ல நீட்டி எழுந்து நிற்கப் பார்த்தான்.